சமகாலத்தில் சேராத குதிரை

கண்ணாடிக்குப் பேர்போன முரானோத் தீவில் ஒரெஸ்தே பவனெல்லோ செய்யாத கண்ணாடிப் பொருட்கள் எத்தனையோ உண்டு. சரவிளக்கு செய்ததில்லை, பூச்சாடி செய்ததில்லை, அரண்மனைகளுக்கு நிலைக்கண்ணாடி செய்ததில்லை. அவர் செய்தது குதிரை. பள்ளிக்கூடம் விட்டு உலைக்கு வந்த நாளிலிருந்து குதிரை, குதிரை, குதிரை. அவர் கையால் ஆன குதிரை நிற்காத ஷோகேஸ் உலகத்திலேயே இல்லை என்பாள் அவர் மனைவி நோர்மா. அவள் கடையில் நின்று விற்பவள், கொஞ்சம் கூட்டிச் சொல்லாமல் அவளுக்குப் பேச வராது.

வேலை என்னவோ சின்னதுதான். உலைக்குள் இரும்புக் கம்பியை விட்டு, பாகு பதத்தில் இருக்கும் கண்ணாடியைச் சுருட்டி எடுப்பார். இடுக்கியால் ஒரு இழுப்பு, தலை வந்துவிடும். நாலைந்து கிள்ளு, பிடரி. அப்புறம் கால்கள், கடைசியில் வால். முன்னங்கால்களைத் தூக்கி, பின்னங்கால்களிலும் வாலிலும் ஊன்றி, குதிரை எங்கோ புறப்படுகிற மாதிரி நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் வாயைப் பிளந்து கைதட்டிவிட்டு, நோர்மாவிடம் பேரம் பேசப் போவார்கள். சரவிளக்கு செய்கிற பெரிய மேஸ்திரிகள் மதுக்கடையில் அவரைக் கண்டால் நாக்கைச் சொடுக்கிக் குதிரைக் குளம்புச் சத்தம் போடுவார்கள். ஒரெஸ்தேயும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போகிற வழியில் கடை ஷோகேஸ்கள் பக்கம் திரும்பமாட்டார்.

அந்த வருடம் நகரத்தில் சமகாலக் கண்ணாடிக் கழகம் என்று ஒன்று முளைத்தது. செப்டம்பரில் ஒரு வாரம் கண்ணாடிக்கும் கண்ணாடி ஊதுகிறவர்களுக்கும் விழா எடுப்பது அதன் நோக்கம். கழகத்தில் இருந்த அத்தனை பேரும் டாக்டர்கள். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய எவரும் டாக்டர்தான், காய்ச்சல் என்றால் அவர்களிடம் போக முடியாது. உலையடியில் நின்றவர் ஒருவரைக்கூடக் கழகத்தில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று விளக்கமும் சொன்னார்கள்.

கழகம் போட்ட முதல் விதி இது: விழாவுக்குத் தேர்வாகாத உலைக்கூடங்கள் அந்த வாரம் முழுக்கக் கால்வாய்க்கரைப் பக்கத்து ஷட்டரை இறக்கி வைக்க வேண்டும். திறந்திருந்தால் பார்வையாளரின் கண் சிதறிவிடுமாம்.

ஒரெஸ்தே விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். தீவு நிரம்பி வழிவதே அந்த வாரத்தில்தான். ஆகஸ்ட் வெயிலில் உலையை அணைத்துப் போட்டு, மறுபடி மூட்டி, அந்த விற்பனையை நம்பித்தான் குளிர்காலத்தை ஓட்டுவார்கள். ஷட்டரை இறக்கினால் உலையையும் அணைத்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. நினைத்தபோது அணைத்தால் உள்ளே கண்ணாடி இறுகி, உலைப்பானை விரிசல் விட்டுப்போகும். ஆக, வியாபாரம் இல்லாமல் நெருப்புக்கு மட்டும் தீனி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஷட்டர மூடிட்டா பனிக்காலத்துல எதைய்யா திங்கறது? குதிரையையா?" என்றாள் நோர்மா.

"கத்தாத. வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்கல்ல. நல்லா செஞ்சு காட்டுனா சேத்துக்குவாங்க."

பார்க்க வந்தவர் கழகத்தின் தலைவி, டாக்டர் ஒத்தாவியா பெரெகோ. மிலானிலிருந்து வந்தவர். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடை. கழுத்தில் ஒரு கண்ணாடித் துண்டு தொங்கியது. நகையா, உடைந்த புட்டியா என்று நோர்மாவால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. பின்னால் துணைத்தலைவர் டாக்டர் தன்க்ரேதி வந்தார். தலைவி பேசும்போது தலையாட்டுவது அவர் வேலை, அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரெஸ்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு குதிரை செய்து நிறுத்தினார்.

"மேஸ்திரி, இது என்ன?" என்றார் பெரெகோ.

"குதிரைங்க, டாக்டரம்மா."

"குதிரைன்னு தெரியுது. அதுதான் பிரச்சினையே. பார்த்த உடனே தெரிஞ்சு போயிடுது. மக்களுக்கு அப்புறம் எங்க தயவு எதுக்கு?"

ஒரெஸ்தே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"இது எந்த விதத்துல சமகாலம்னு சொல்லுங்க."

"இப்பத்தானுங்க செஞ்சேன். இன்னும் ஆறக்கூட இல்ல."

தன்க்ரேதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவி சிரிக்காததைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வால் ரொம்ப அலங்காரமா இருக்கு. எடுத்துடலாம்," என்றார் பெரெகோ.

"எடுத்தா விழுந்துடுங்க. வாலுதான் அதுக்கு மூணாவது காலு."

"விழட்டும் மேஸ்திரி. நின்னுட்டே இருந்த கலையெல்லாம் போன நூற்றாண்டோட முடிஞ்சு போச்சு."

அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சற்று நேரத்தில் தன்க்ரேதி மட்டும் திரும்பி வந்தார்.

"குடையை வச்சுட்டுப் போயிட்டேன்." வெளியே வெயில் கொளுத்தியது. அவர் குடை கொண்டு வரவே இல்லை என்பது நோர்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே குரலை இறக்கினார். "மேஸ்திரி, அந்த மாதிரி ஒண்ணு... எங்க மாமியாருக்கு. நீலத்துல. யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

அடுத்த வாரம் வாலில்லாத குதிரை மேசை மேல் குப்புறக் கிடந்தது. பெரெகோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கால்கள் இன்னும் கதை சொல்கின்றன என்றார். கால்கள் போயின. அதற்கடுத்த வாரம் தலை உறுத்துகிறது என்றார். தலையும் போயிற்று. கடைசியில் மேசை மேல் முட்டைக்கோசு அளவில் ஒரு கண்ணாடிக் கட்டி இருந்தது. அதற்கு முன்னால் பெரெகோ கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டோம் மேஸ்திரி. இப்பத்தான் குதிரை குதிரைகிட்டேர்ந்து தப்பிச்சிருக்கு."

"எங்க மாமாவுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தது கூட இதே மாதிரிதான் இருந்துச்சு," என்றாள் நோர்மா. ஒரெஸ்தே அவள் காலை மிதித்தார். உலை விழாவில் சேர்ந்துவிட்டது, ஷட்டர் பிழைத்தது. அதற்காக அவர் கட்டியைக் கும்பிடக்கூடத் தயாராக இருந்தார்.

சேர்ந்தவர்கள் சும்மா இருந்துவிட முடியாது. மூச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். தூரினிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். பால்குடி மறந்த நாளிலிருந்து குழலில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருக்கும் மேஸ்திரிகள் பாயில் வரிசையாக உட்கார, மூச்சை எப்படி உள்ளே இழுப்பது, எப்படி வெளியே விடுவது என்று அவர் செய்து காட்டினார். இழுத்துவிட்டு விடாமல் இருந்தால் ஆபத்து என்றும் எச்சரித்தார்.

"குதிரைக்கு ஊதறதே இல்லீங்க. இடுக்கில இழுக்கறது மட்டுந்தான்," என்று ஒரெஸ்தே எழுந்து சொன்னார்.

"அப்ப மனசுக்குள்ள ஊதுங்க," என்றார் நிபுணர்.

தொடக்க விழாவை ஒரெஸ்தேயின் உலையிலேயே வைத்தார்கள். அமைச்சர் வருகிறார் என்பதால், அன்றைக்கு மட்டும் உலையை அறையின் சூட்டுக்கு இறக்கி வைக்க முடியுமா என்று தன்க்ரேதி கேட்டுப் பார்த்தார். "அப்படி வச்சா அதுக்குப் பேரு உலை இல்லீங்க, அலமாரி," என்றார் ஒரெஸ்தே. யோசித்துவிட்டு வேறு ஏற்பாடு செய்தார்கள். விருந்தினர் எல்லாரும் தேவாலயத்துக்கு முன்னால் குளிரூட்டிய கூடாரத்தில் உட்காருவார்கள். உலையில் ஒரெஸ்தே தனியாக வேலை செய்வதைத் திரையில் பார்ப்பார்கள். தலைவி பேசி முடித்து "இதோ" என்றதும் அவர் கட்டியைச் செய்ய வேண்டும்.

கூடாரத்தில் பெரெகோ பேசியது உலையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டது.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே! எத்தனையோ நூற்றாண்டுகளாக இந்தத் தீவில் கண்ணாடி வெறுமனே செய்யப்பட்டு வந்தது. அதைப் பற்றி யோசிக்க ஒருவரும் இல்லை. கண்ணாடியைக் கண்ணாடிக்காரர்களிடமிருந்து விடுதலை செய்தவர்கள் நாங்கள். இந்த விழாவுக்கு ஆகும் செலவில் அணைந்துபோன உலைகளை மறுபடி மூட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். உலையை மூட்டினால் என்ன வரும்? சூடு வரும். எங்களால் விவாதம் வருகிறது. அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போவோம். கண்ணாடியே இல்லாத கண்ணாடி வாரம் நடத்துவோம் என்று உறுதி கூறுகிறேன். இதோ—"

ஒரெஸ்தே கம்பியை உலைக்குள் விட்டுக் கண்ணாடியை எடுத்தார்.

"—இதோ, இந்தத் தருணத்தில், எங்கள் புரவலர்களையும் நான் நினைவுகூர வேண்டும்."

புரவலர்கள் நிறையப் பேர். கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருக்காவிட்டால் கண்ணாடி ஒழுகிவிடும். ஒரெஸ்தே சுழற்றினார். ஆறியதும் மறுபடி நெருப்பில் காட்டினார், மறுபடி சுழற்றினார். அறக்கட்டளைகள் முடிந்து வங்கிகள் வந்தன. வங்கிகள் முடிந்து ஒரு தண்ணீர் புட்டிக் கம்பெனி வந்தது. மதியத்துக்கு நோர்மா மத்தி மீனை வெங்காயத்தோடு ஊறப் போட்டாளா என்று அவருக்கு யோசனை போயிற்று. போன தடவை வினிகர் தூக்கலாக இருந்தது. அதை எப்படிச் சண்டை வராமல் சொல்வது என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, "இதோ!" என்றது ஒலிபெருக்கி.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஒரு இழுப்பு, நாலைந்து கிள்ளு, கால்கள், வால். மேசையில் தட்டிக் கம்பியை உருவிவிட்டு அவர் நிமிர்ந்தபோது கேமரா முன்னால் குதிரை நின்றது.

கூடாரத்தின் திரையில் அது யானை அளவுக்குத் தெரிந்ததாம். டாக்டர்கள் எல்லாரும் தலைவி முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அமைச்சர் எழுந்து நின்று, "அட, குதிரை!" என்று கைதட்டினார். பாவம், காலையிலிருந்து அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். அவருடைய செயலாளர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்று மாலையே ஷட்டர் இறங்கியது. தன்க்ரேதி நேரில் நின்று இறக்க வைத்து, குறுக்கே சிவப்பு நாடா ஒட்டினார்.

"எனக்கு ரொம்ப வருத்தம் மேஸ்திரி. கழகத்தோட முடிவு, நான் என்ன பண்ண?" என்று உரக்கச் சொன்னார். பிறகு காதருகே வந்து, "என்னோடது ரெடியாயிடுச்சா?" என்றார்.

ஒரெஸ்தே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "நான் வேணும்னு செய்யல நோர்மா. சத்தியமா கட்டிதான் செய்ய நெனச்சேன். இந்தக் கைய வெட்டித்தான் போடணும்."

"கைய வெட்டுவியாம். அந்தக் கைதான்யா இத்தன வருஷமா சோறு போடுது. கட்டியா போட்டுச்சு?" என்றாள் நோர்மா. உலைக்கூடத்தில் புழுக்கம் தாங்காமல் எழுந்து போய்ப் பின்பக்கத்துத் தண்ணீர்க் கதவைத் திறந்துவிட்டாள். கண்ணாடி உருக்குகிற மணலை மூட்டையாக இறக்கும் படகு வரும் கதவு அது, வேறு யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

மறுநாள் காலையில் அங்கே ஒரு படகு வந்து நின்றது. தன்க்ரேதி, மாமியாருடையதை வாங்க வந்திருந்தார். அவர் போனதும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மூச்சு நிபுணர் வந்தார். அவருக்கு வெள்ளையில் இரண்டு வேண்டும். கழகத்தின் பொருளாளர் வந்தார். விழா மலரில் 'குதிரை ஒரு கலாச்சாரக் குற்றம்' என்று கட்டுரை எழுதியவர் அவர்தான், பேத்திக்கு என்று சொல்லிப் பச்சையில் கேட்டார். செய்த குதிரை ஆறுவதற்கு ஒரு நாள் சூடு தணிக்கும் அடுப்பில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் சொல்ல ஒரு தரம், வாங்க ஒரு தரம் என்று வந்தார்கள். வாங்கிப்போனவர் வீட்டில் பார்த்தவர்களும் வந்தார்கள். ஆனால் கழகத்தார் இத்தனை பேர் வாங்கியும் குளிர்காலம் தேறாது. கரையில் ஆயிரக்கணக்கில் நடந்துகொண்டிருந்த ஜனம் சிவப்பு நாடாவைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நோர்மா அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுப் பெருமூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் குறுகலான கால்வாயில் படகுகள் சிக்கிக்கொண்டன. குப்பைப் படகுக்கு வழியில்லை, அதன் பின்னால் வந்த பீர் படகுக்கும் வழியில்லை. பீர் படகு நின்றதும் போலீஸ் வந்துவிட்டது. வந்தவன் ரெனாத்தோ, ஒரெஸ்தேயோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"டேய் ஒரெஸ்தே! மூடுன கடைக்குப் பின்னாடி என்னடா இவ்ளோ கூட்டம்?" என்று கத்திவிட்டு, வரிசையாக விசாரித்தான்.

"ஷட்டர் ஒழுங்கா மூடியிருக்கான்னு பார்க்க வந்தேன்," என்றார் பொருளாளர்.

"அவர் ஒழுங்கா பார்க்கறாரான்னு பார்க்க வந்தேன்," என்றார் தன்க்ரேதி.

கதவையொட்டி முதலில் நின்றது திரை போட்ட ஒரு வாடகைப் படகு. ரெனாத்தோ திரையை விலக்கினான். உள்ளே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு டாக்டர் ஒத்தாவியா பெரெகோ உட்கார்ந்திருந்தார். தன்க்ரேதி குனிந்து இல்லாத ஷூ நாடாவைக் கட்டினார்.

"நான் ஆய்வுக்கு வந்தேன்," என்றார் பெரெகோ.

"ஆய்வு முடிஞ்சுதுல்லம்மா? படக எடுங்க. பின்னாடி பீர் சூடாகுது."

படகோட்டி துடுப்பை அசைத்ததும், கிடைத்த இடைவெளியில் தன்க்ரேதியின் படகு மெல்ல முன்னே நழுவியது.

"ஹலோ! எங்க போறீங்க? நான்தான் முதல்ல வந்தேன்!" என்று பெரெகோ எழுந்து நின்றுவிட்டார்.

"எதுக்கும்மா முதல்ல?" என்றான் ரெனாத்தோ.

அந்த நேரத்தில்தான் ஒரெஸ்தே கம்பி நுனியில் பழுத்த கண்ணாடியைச் சுழற்றிக்கொண்டே கதவடிக்கு வந்தார். வெளியே நடந்தது எதுவும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

"அடுத்தது யாருக்குங்க? எடுத்துட்டேன், சீக்கிரம் சொல்லுங்க, சூடு இறங்குது."

எல்லாரும் வேறு திசையில் பார்த்தார்கள். பெரெகோ மட்டும் அந்தக் கண்ணாடியையே பார்த்தார். தலை இல்லை, கால் இல்லை, உருண்டு திரண்டு கம்பி நுனியில் மின்னிக்கொண்டிருந்தது.

"அது அப்படியே இறுகிடுமா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான். அப்புறம் இழுத்தாலும் வராது. கட்டிதான்."

"ஐயோ, வேண்டாம்!"

ஒரெஸ்தே அவரை நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டரின் முகத்தில் அவருக்கு எல்லாம் புரிந்தது. அவ்வளவு நாள் மனசுக்குள் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போய், சொல்லப்போனால் கொஞ்சம் குறும்பே வந்துவிட்டது.

"அப்ப என்ன வேணுங்க?"

"குதிரை." காற்றுதான் வந்தது.

"உலை இரைச்சல்ல எனக்குக் காது கொஞ்சம் மந்தங்க."

"குதிரை வேணும்! எனக்கு! சின்ன வயசுல ஒண்ணு இருந்துச்சு, எங்க அண்ணன் போட்டு உடைச்சுட்டான்!"

பீர் படகுக்காரன்வரை எல்லாருக்கும் கேட்டது.

"செஞ்சுடலாங்க," என்றார் ஒரெஸ்தே. "ஆனா முன்னாடி ஷட்டர் மூடிக் கெடக்குது, உள்ள வெளிச்சம் பத்தல. இருட்டுல இழுத்தா காலு கோணிக்கும். என் மேல வருத்தப்படக் கூடாது."

கண்ணாடியின் சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. பெரெகோ அதைப் பார்த்தார், ரெனாத்தோவைப் பார்த்தார், கழகத்தார் அனைவரையும் பார்த்தார்.

"தன்க்ரேதி! என்ன வேடிக்கை பார்க்கறீங்க? போய் அந்த ஷட்டரைத் தூக்குங்க! ஓடுங்க!"

தன்க்ரேதி படகிலிருந்து கரைக்குத் தாவி, பாலம் ஏறி, சந்து சுற்றி ஓடினார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் ஓடியது அன்றுதான். நாடா கிழிகிற சத்தம் கேட்டது, பிறகு ஷட்டர் கிறீச்சென்று மேலே போயிற்று. வெளிச்சத்தோடு சேர்ந்து ஜனமும் உள்ளே வந்தது. நோர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடினாள்.

ஒரெஸ்தே கண்ணாடியை ஒரு தரம் நெருப்பில் காட்டி எடுத்து வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை மீனைப் பற்றி நினைக்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டு செய்தார். தலை வந்தது, பிடரி வந்தது, கால்கள் ஒன்றுகூடக் கோணவில்லை. மேசை மேல் குதிரை எழுந்து நின்றதும் கூட்டம் கைதட்டியது. அவருக்கு வெட்கமாக இல்லை. இத்தனை காலம் ஏன் வெட்கப்பட்டோம் என்பதுதான் விளங்கவில்லை.

பெரெகோ படகை விட்டு இறங்கி, தண்ணீர்க் கதவு வழியாகவே உள்ளே வந்து மேசையோரம் நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது ஆற நாளைக்கு ஆயிடுங்க," என்றார் ஒரெஸ்தே.

"பரவாயில்ல, நிக்கறேன்."

முன்பக்கத்திலிருந்து ஒரு வெளியூர்க்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "இது என்ன விலை?" என்று அந்தக் குதிரைப் பக்கம் கையை நீட்டினார். சமகாலக் கண்ணாடிக் கழகத்தின் தலைவி குறுக்கே பாய்ந்தார்.

"சார், வரிசை பின்னாடி. நான் காலைலேர்ந்து நிக்கறேன்."